நாற்பத்திரண்டு ஸ்ட்ரா

நிவேதா இருமவில்லை, கத்தவும் இல்லை. நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு இரண்டு கைகளாலும் வாய்க்கு முன்னால் விசிறினாள். மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் இருந்தாள். அவள் ஏதோ விளையாடுகிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்தில் இருந்தவளும் அப்படி நினைத்துத்தான் சிரித்தாள்.

பிறகு அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. டம்ளரில் இருந்த சுண்ணாம்பு நீர் பாதியாகக் குறைந்திருந்தது.

திண்டிவனத்துக்கு வெளியே ஓர் அரசுப் பள்ளி. எட்டாம் வகுப்பு 'பி' பிரிவு, நாற்பத்திரண்டு பிள்ளைகள். நான் பி.எட். படிக்கிற மாணவ ஆசிரியை. கற்பித்தல் பயிற்சிக்காக அங்கே போய் மூன்றாவது வாரம் நடந்துகொண்டிருந்தது. நாம் விடுகிற மூச்சில் கரியமில வாயு இருக்கிறது என்று காட்டும் சோதனை அன்றைய பாடம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஸ்ட்ரா வழியாக ஊதினால் தண்ணீர் பால் மாதிரி மாறும். அவ்வளவுதான். ஊத வேண்டும்.

நிவேதா உறிஞ்சிவிட்டாள்.

அவளைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன். வாயைக் கொப்பளிக்க வைத்தேன். எனக்கு வழிகாட்டி ஆசிரியராக இருந்த பாஸ்கரன் சார் பைக்கை எடுத்தார். நிவேதாவை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "முழுங்கினியா?"

"கொஞ்சம்" என்றாள் நிவேதா.

பயப்பட ஒன்றுமில்லை, நாக்கு லேசாக வெந்த மாதிரி இருக்கும், இரண்டு நாள் காரம் வேண்டாம் என்று அனுப்பினார். திரும்பி வந்து பள்ளி வாசலில் இறங்கியதும் நிவேதா என்னிடம் சொன்னாள்:

"நீங்க சொன்னீங்க மிஸ். நான்தான் கேக்கல."

எல்லாம் எழுதி வைத்திருந்தேன்

நான் தயாராகாமல் போகிறவள் இல்லை. இதை இந்தத் தொடரை வாசித்து வருகிறவர்கள் இதற்குள் கவனித்திருப்பார்கள். பொறியியல் முடித்து, சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு வருடம் சோதனைப் பிரிவில் இருந்தேன். ஒரு செயலியை எப்படிச் சோதிப்பது என்று படிப்படியாக எழுதுவதுதான் வேலை. 'பெயரை உள்ளிடு. பொத்தானை அழுத்து. பச்சை நிறம் வருகிறதா என்று பார்.' ஒரு வரியில் ஒரு செயல் என்பது அங்கே சட்டம். இரண்டு செயலை ஒரே வரியில் எழுதினால் மேலாளர் திருப்பி அனுப்புவார்.

அந்த வேலையில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏன் விட்டேன் என்பதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். அப்பா இன்னும் அதைப் பற்றி நேராகப் பேசுவதில்லை.

பி.எட்.டில் பாடத்திட்டம் எழுதச் சொன்னபோது சொந்த ஊருக்கு வந்த மாதிரி இருந்தது. கட்டம் போட வேண்டும். இடப்பக்கம் ஆசிரியர் செயல், வலப்பக்கம் மாணவர் செயல். இடப்பக்கத்தை நான் அங்குலம் அங்குலமாக நிரப்புவேன். வலப்பக்கத்துக்கு எங்கள் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாக இரண்டே வாக்கியங்கள்தான். 'மாணவர்கள் கவனிக்கின்றனர்.' 'மாணவர்கள் கூறியபடி செய்கின்றனர்.' வகுப்பு நடப்பதற்கு முந்தின நாளே அவர்கள் கவனித்து முடித்திருப்பார்கள். சீனியர்களின் பதிவேட்டிலும் அதுதான் இருந்தது, அவர்களுக்கு முந்தைய சீனியர்களின் பதிவேட்டிலும் அதுதான்.

அந்தச் சோதனைக்கு நான் இடப்பக்கம் எழுதியது பதினோரு வரி. பதினோராவது வரி: 'ஊத வேண்டும், உறிஞ்சக் கூடாது என்று எச்சரிக்கிறார்.'

எச்சரித்தேன். அதில் பொய் இல்லை.

விழுப்புரத்தில் என் அறையில் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்து, தெளிய வைத்து, இரண்டு பாட்டிலில் பிடித்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பஸ் ஸ்டாண்டு ஜூஸ் கடையில் ஸ்ட்ரா கட்டு வாங்கினேன். சிவப்பும் வெள்ளையும் கலந்த கோடு போட்டது. ரோஸ்மில்க்கில் போட்டுத் தருவார்களே, அது.

இப்போது யோசித்தால் அந்த ஒரு விஷயமே போதும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் கையில் ஜூஸ் கடை ஸ்ட்ராவையும் டம்ளரில் தண்ணீரையும் கொடுத்துவிட்டு, வாய் என்ன செய்யும் என்று நினைத்தேன்?

ஃபர்சானாவின் நோட்டு

எங்களோடு பயிற்சிக்கு வந்த ஃபர்சானா திண்டிவனத்துக்காரி. சமூக அறிவியல். வாய் ஓயாது. எங்கள் பயிற்சியில் ஒரு விதி உண்டு. ஒருவர் பாடம் எடுக்கும்போது இன்னொரு பயிற்சி மாணவி கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நடந்ததை நேரம் போட்டுக் குறிக்க வேண்டும். அன்று என் வகுப்பைக் குறித்தவள் ஃபர்சானா.

மத்தியானம் மரத்தடியில் டிபன் பாக்ஸைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தேன். கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

"அந்தக் கால நிறுத்துடி. எனக்குத் தல சுத்துது" என்றாள்.

"நான் சொன்னேன்ல? ஊதணும், உறிஞ்சக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

அவள் நோட்டை எடுத்து என் மடியில் போட்டாள். அவள் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும். ஆனால் நேரம் மட்டும் துல்லியம்.

'11.14 – ஸ்ட்ரா கொடுத்தாள். 11.17 – டம்ளர் கொடுத்தாள். சத்தம். 11.19 – போர்டு பக்கம் திரும்பி படம் வரைந்தாள். வரைந்துகொண்டே ஏதோ சொன்னாள். கேட்கவில்லை. 11.20 – முதல் பெஞ்ச் ஊத ஆரம்பித்தது. 11.21 – இவள் இன்னும் திரும்பவில்லை.'

"ஏதோ சொன்னாள்" என்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எனக்கே கேக்கலடி" என்றாள் ஃபர்சானா. "அந்த ஃபேன் வேற கடகடன்னு அடிச்சுக்கினு இருக்கு. நீ போர்டுக்குப் பாடம் நடத்திக்கினு இருந்த."

"முன் பெஞ்சுக்குக் கேட்டிருக்கும்."

"முன் பெஞ்சு ஊதுச்சு. மூணாவது பெஞ்சு குடிச்சுச்சு. கணக்கு சரியாத்தான் இருக்கு."

கோபம் வந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டேன்.

சார் எழுதித் தந்த கடிதம்

அடுத்த நாள் காலை தலைமையாசிரியை கூப்பிட்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று யோசிக்க எனக்கு நேரம் கிடைத்ததில்லை. அவருக்கும் யாரைப் பற்றியும் யோசிக்க நேரம் கிடைத்ததாகத் தெரியவில்லை. மேசையில் எப்போதும் மூன்று ரிஜிஸ்டர் திறந்தே கிடக்கும்.

"பொண்ணோட அப்பாவுக்குச் சொல்லியாச்சு. நாளைக்கு வர்றாரு. அவரு கேட்டா காட்டறதுக்கு உன்கிட்டேர்ந்து ஒரு விளக்கக் கடிதம் வேணும். என்ன நடந்துச்சுன்னு எழுதிக் குடு. அது சரியா இல்லன்னா உன் பயிற்சி ரெக்கார்டுல நான் கையெழுத்துப் போட முடியாது."

கையெழுத்து இல்லையென்றால் பயிற்சி செல்லாது. பயிற்சி செல்லாது என்றால் ஒரு வருடம் போச்சு. இருந்த வேலையை விட்டு வந்தவளுக்கு இன்னொரு வருடம் என்றால் என்ன என்பதை வீட்டில் போய்ச் சொல்ல வேண்டும்.

பாஸ்கரன் சார் இளகின மனசுக்காரர். நான் கேட்காமலேயே ஒரு தாளில் எழுதித் தந்தார். 'பயிற்சி ஆசிரியை தகுந்த அறிவுரை வழங்கியும், மாணவி அதனை மீறிச் செயல்பட்டதால்...'

"இத அப்பிடியே காப்பி பண்ணி கையெழுத்துப் போட்டுக் குடும்மா. பசங்களையும் விசாரிச்சுட்டேன். எல்லாரும் மிஸ் சொன்னாங்கன்னுதான் சொல்றாங்க. அந்தப் பொண்ணே ஒத்துக்கிச்சு. மேட்டர் ஓவர்."

"சார், நான் சொன்னது அவளுக்குக் கேக்கல."

"அவதான் கேட்டுச்சுங்கறாளே?"

"கேட்டுச்சுன்னு சொல்லல சார். நான்தான் கேக்கலங்கறா."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "டீச்சர் வேலைல இப்பிடியெல்லாம் நோண்டிக்கினு இருந்தா ஒரு வருஷம்கூட ஓட்ட முடியாதும்மா."

தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நிவேதாவைத் தேடிப் போனேன். அவள் மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பத்துப் பிள்ளை. அப்பா கடலுக்குப் போகிறவர். இவள் பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சைக்கிள் ஸ்டாண்டில் தனியாக நின்றிருந்தாள்.

"நாக்கு எப்பிடி இருக்கு?"

"பரவால்ல மிஸ். சாம்பாருதான் எரியுது."

"நாளைக்கு அப்பா வர்றாராம்."

அவள் முகம் மாறியது. "பொட்டிய எடுத்துக்கினு போயிருவாரு மிஸ்."

"எதுக்கு?"

"அக்கா பத்தாவது படிக்கறப்ப இப்பிடித்தான் கூப்ட்டாங்க. சொன்ன பேச்சு கேக்கலன்னு சொன்னாங்க. அப்பாவுக்கு யார்கிட்டயும் பேச்சு வாங்கப் புடிக்காது. அன்னிக்கே அக்காவக் கூட்டிக்கினு வந்துட்டாரு. அதுக்கப்பறம் அக்கா பள்ளிக்கூடமே போவல."

அப்படியென்றால் என் பையில் மடித்து வைத்திருந்த தாளில் இருந்தது அதே வாக்கியம்தான். கொஞ்சம் இலக்கணச் சுத்தமாக.

வால்வு

இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

திருவெண்ணெய்நல்லூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். எனக்குப் பத்துப் பதினொரு வயது இருக்கும். அப்பா மோட்டார் ரூமில் ஏதோ பிரித்துப் போட்டுக்கொண்டு, உள்ளேயிருந்தே கத்தினார்: "அந்தாண்ட இருக்கிறத இந்தாண்ட திருப்பிட்டு, அத மூடிடு!"

அந்தாண்ட இரண்டு வால்வு இருந்தது. எதை என்று கேட்டேன். மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. ஒன்றைத் திருப்பினேன். இன்னொன்றை மூடினேன். தண்ணீர் எங்கள் கரும்புக்குப் போகாமல் சித்தப்பாவின் நாற்றங்காலுக்குப் போனது. இரண்டு நாள் முன்னால் விதை விட்ட நாற்றங்கால். விதை எல்லாம் ஒரு மூலையில் போய் ஒதுங்கிவிட்டது.

அப்பா என்னை அடிக்கவில்லை. சித்தப்பாவிடம் சொன்னார்: "சொன்னா கேக்காது இது."

அவ்வளவுதான். ஆனால் அந்தச் சொல் வீட்டில் தங்கிவிட்டது. தட்டை உடைத்தால் சொன்னா கேக்காது. பொறியியலில் வேறு பிரிவு எடுத்தால் சொன்னா கேக்காது. வேலையை விட்டபோது அம்மா போனில் அழவில்லை, "நீதான் சொன்னா கேக்க மாட்டியே" என்றாள், சலிப்பாக. எந்த வால்வு என்று நான் கேட்டது யாருக்கும் தெரியாது. பல வருடங்களில் எனக்கே மறந்துபோய், நான் சொன்னால் கேட்காதவள்தான் என்று நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஒரு பக்கம் கிழிப்பது சுலபம்

அன்று சாயங்காலம் ஃபர்சானா பஸ் ஸ்டாண்டு வரை கூட வந்தாள். சார் கொடுத்த தாளைக் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

"நீ இத எழுதப்போறியா?"

"தெரியல."

"எழுதறதுன்னா என் நோட்டுல அந்தப் பக்கத்தக் கிழிச்சுடறேன். வேற எழுதிடலாம். 11.13க்கே நீ தெளிவா சொல்லிட்டன்னு போட்டா முடிஞ்சுது. ஜல்தியா முடிவு பண்ணு, நாளைக்கு நோட்டு சப்மிட் பண்ணணும்."

"கிழிப்பியா?"

"உனக்காகக் கிழிப்பேன். அந்தப் பொண்ண நெனச்சா பேஜாராத்தான் இருக்கு. ஆனா உனக்கு ஒரு வருஷம் போனா அதவிட பேஜாரு."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான் ஆமாம் என்றிருந்தால் அங்கேயே, வேர்க்கடலை வறுக்கிற அந்த மல்லாட்டை வண்டிப் பக்கத்தில் நின்றபடியே கிழித்திருப்பாள்.

"வேணாம்" என்றேன். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது.

விழுப்புரம் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றுகொண்டேன். கண்டக்டர் ஏதோ கிறுக்கு என்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்.

அவர் வேலை செய்வதை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். கூட்டேரிப்பட்டு வருவதற்கு முன்னால் குரல் கொடுத்தார். "கூட்டேரிப்பட்டு! கூட்டேரிப்பட்டு ஆளுங்க எந்திரி!" அப்புறம் எதுவும் சொல்லவில்லை. நின்று, கண்ணால் எண்ணினார். ஆறு பேர் எழுந்தார்கள். அதற்குப் பிறகுதான், "படிக்கட்டுக்கு வா." அவர்கள் வந்த பிறகு, "வண்டி நிக்கட்டும்." நின்ற பிறகு, "எறங்கு." ஒரு மூட்டைக்காரர் மட்டும் எழாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தோளைத் தட்டிவிட்டுத்தான் விசில் கொடுத்தார்.

யாருக்கு என்பதை முதலில் சொல்கிறார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் சொல்கிறார். செய்தார்களா என்று பார்க்காமல் அடுத்ததைச் சொல்வதில்லை. சென்னையில் இரண்டு வருடம் கணினிக்கு எழுதிய அதே சட்டம்தான். ஒரே வித்தியாசம், கணினி நான் எழுதி முடிக்கும் வரை காத்திருந்தது. பிள்ளைகள் கையில் பொருள் வந்த நொடியிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். ஆகவே பொருள் கடைசியில் வர வேண்டும். எனக்கு அது முதலில் வந்தது.

அறைக்குப் போனதும் முதல் வேலையாகக் கடிதத்தை எழுதினேன். ஒரு பக்கம்தான். ஸ்ட்ராவையும் டம்ளரையும் கொடுத்த பிறகே அறிவுரை சொன்னேன். கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்பதற்கு சக மாணவியின் உற்றுநோக்கல் குறிப்பு சான்று. மாணவி நிவேதா எந்த அறிவுரையையும் மீறவில்லை, ஏனெனில் அறிவுரை அவரைச் சென்றடையவில்லை.

கையெழுத்துப் போட்டேன். பிறகு, அதே வகுப்புக்கு அந்தச் சோதனையை மறுபடி எடுத்துவிட வேண்டும் என்று புதிதாகச் சுண்ணாம்பு நீரைத் தெளிய வைத்துவிட்டு, விடிய விடியப் பாடத்திட்டத்தைத் திருத்தி எழுதினேன்.

பெட்டியோடு வந்தவர்

மறுநாள் நான் போவதற்கு முன்பே நிவேதாவின் அப்பா வந்து வராந்தாவில் நின்றிருந்தார். வெயிலில் கறுத்த, ஒடிசலான ஆள். காலடியில் நிவேதாவின் தகரப் பெட்டி. விடுதியில் சொல்லி வாங்கிக்கொண்டுதான் பள்ளிக்கே வந்திருந்தார்.

தலைமையாசிரியை என் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இப்பிடி எழுதினா உனக்குத்தான் பாதகம். தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

"பாஸ்கரன் சார் வேற மாதிரி சொன்னாரே?"

"சார் வகுப்புல இல்ல மேடம்."

அவர் கடிதத்தை மூன்று ரிஜிஸ்டர்களில் ஒன்றுக்குள் வைத்தார். "சரி, நீயே போய் அவருகிட்ட சொல்லு. நான் சொன்னா பள்ளிக்கூடம் தப்பு பண்ணிச்சுன்னு ஆயிடும்."

வராந்தாவுக்குப் போனேன்; அந்தப் பாடம் எடுத்தவள் நான்தான் என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எங்க பொண்ணு சொன்ன பேச்சு கேக்கலியா, டீச்சர்?"

"இல்லீங்க. நான் சொன்னது அவளுக்குக் கேக்கல. நான் திரும்பி நின்னு சொன்னேன். தப்பு என்னோடதுங்க."

இப்போது பார்த்தார். "அது ஒண்ணும் பண்ணலியா?"

"அவ ஒண்ணும் தப்புப் பண்ணல."

"அப்ப நாக்கு வெந்துபோனதுக்கு நீங்கதான் காரணம்."

"ஆமாங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் பெட்டியின் பிடியைத் தொட்டார், விட்டார். "திரும்ப அந்தத் தண்ணிய வெச்சு ஊதச் சொல்லுவீங்களா?"

எனக்குப் பின்னால் தலைமையாசிரியையின் குரல் வந்தது. "சொல்லுவாங்க. மூணாவது பீரியடு, அதே வகுப்பு, அதே சோதனை. நானும் உக்காந்து பாக்கப்போறேன். அத வெச்சுத்தான் கையெழுத்துப் போடறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்."

"அப்ப நானும் பாத்துட்டுப் போறேன்" என்றார் நிவேதாவின் அப்பா. "பெட்டி இங்கயே இருக்கட்டும்."

மூன்றாவது பீரியடு

தலைமையாசிரியை பின் பெஞ்சில். நிவேதாவின் அப்பா வராந்தா ஜன்னலுக்கு வெளியே. ஃபர்சானா அவளது நோட்டோடு மூலையில். ஃபேனை நிறுத்தினேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள்.

டம்ளர்கள் எல்லாம் என் மேசையில் இருந்தன. ஸ்ட்ராவை மட்டும் கொடுத்தேன்.

"ஸ்ட்ராவத் தலைக்கு மேல தூக்குங்க."

எண்ணினேன். நாற்பத்தொன்று. ஒருவன் அதை மூக்கில் வைத்திருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எடுத்துத் தூக்கினான்.

"ஸ்ட்ராவ வாயில வெச்சு, உள்ளங்கையில ஊதுங்க."

ஊதினார்கள்.

"காத்து படுதா?"

"படுது மிஸ்!"

"இன்னிக்கு நாம பண்ணப்போறது இது ஒண்ணுதான். டம்ளர் வந்ததும் இதே காத்து தண்ணிக்குள்ள போகணும். டம்ளர் வந்ததும் என்ன பண்ணுவோம்? மூணாவது பெஞ்சு?"

"ஊதுவோம் மிஸ்."

"கடைசி பெஞ்சு?"

"ஊதுவோம் மிஸ்!"

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் தலைமையாசிரியையின் பேனா நகர்வது தெரிந்தது. டம்ளர் தட்டைக் கையில் எடுத்தேன்.

நிவேதா எழுந்து நின்றாள்.

"மிஸ், வாயில வந்துட்டா என்ன பண்றது?"

என்னிடம் அதற்கு வரி இல்லை. இரவு முழுக்கத் திருத்தி எழுதிய தாளில் எங்கேயும் இல்லை. வாயில் வராமல் இருக்க என்ன செய்வது என்பதைத்தான் யோசித்திருந்தேன்.

"அன்னிக்கு எனக்குத் தெரியல மிஸ்" என்றாள். ஜன்னல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். "உறிஞ்சினதுமே எரிஞ்சிச்சு. துப்பறதா, உங்களக் கூப்பிடறதான்னு தெரியல. கிளாஸ்ல துப்புனா திட்டுவாங்கன்னு முழுங்கிட்டேன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள்.

நான் தட்டை மேசையில் திரும்ப வைத்தேன். தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது. பாதி பீரியடு போய்விட்டிருந்தது.

"நல்ல கேள்வி. நான் அதச் சொல்ல மறந்துட்டேன்" என்றேன். "எல்லாரும் என்னப் பாருங்க. வாயில தண்ணி வந்தா, துப்பு."

"எங்க மிஸ்?" ஒருவன்.

"எங்க வேணும்னாலும். தரையில. நோட்டுல. என் புடவையில."

இப்போது நிஜமாகவே சிரித்தார்கள். சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தேன்.

"துப்பினதும் கையத் தூக்கு. பேச வேணாம். நான் வருவேன். திட்ட மாட்டேன். நிவேதா, வாயில வந்தா மொதல்ல என்ன?"

"துப்பணும்."

"அப்பறம்?"

"கையத் தூக்கணும்."

இரண்டு பேரை அனுப்பி ஒரு வாளியும் ஒரு குடம் தண்ணீரும் கொண்டு வந்து வைக்கச் சொன்னேன். அதன் பிறகுதான் டம்ளர் கொடுத்தேன். ஒவ்வொரு பெஞ்சாக, நான் பெயர் சொன்ன பிறகு ஊதினார்கள். மூன்றாவது பெஞ்சு முறை வந்தபோது நிவேதா ஸ்ட்ராவைக் கையில் பிடித்தபடி சும்மா இருந்தாள். அவளை அவசரப்படுத்தாமல் நான்காவது பெஞ்சுக்குப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவள் டம்ளரில் சின்னச் சின்னக் குமிழி வந்துகொண்டிருந்தது. கண்ணை இறுக மூடியிருந்தாள். தண்ணீர் மெல்ல வெளுத்தது.

பீரியடு மணி அடித்தபோது இரண்டு பெஞ்சு பாக்கி இருந்தது.

தலைமையாசிரியை என் மேசைக்கு வந்தார். "பாதி நேரம் பேச்சுலயே போயிடுச்சு. பாடம் முடியல. இன்னும் ஒரு வாரம் இருந்து, விட்ட பாடத்த முடிச்சுட்டுப் போ. அப்பறம் கையெழுத்து." ஒரு வாரம் நீட்டிப்பு என்றால் மதிப்பெண்ணில் வெட்டு. கல்லூரியில் காரணமும் கேட்பார்கள். தலையாட்டினேன்.

வராந்தாவுக்கு வந்தேன். நிவேதாவின் அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்து பெட்டியிடம் நின்றிருந்தார். என்னிடம் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பள்ளி கேட்டுக்கு வெளியே இடப்பக்கம் திரும்பினால் மரக்காணம் பஸ் நிற்கும் இடம். வலப்பக்கம் விடுதி. வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். கேட்டருகே ஒரு லாரி போவதற்காக நின்றார். தோள் மாற்றிக்கொண்டார்.

வலப்பக்கம் திரும்பினார்.

ஜன்னல் கம்பியில் முகத்தை ஒட்டிக்கொண்டு நிவேதாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டி மறைந்ததும் பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அடுத்த பீரியடுக்கான நோட்டை எடுத்து, மேல் ஓரத்தில் தேதி எழுதினாள்.